மச்சானின் டானிக்

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். தீபாவளிக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை என்று நீ கத்துவது உசிலம்பட்டி வரை கேட்கிறது. திட்டி முடித்துவிட்டு மேலே படி.

மச்சான் ஒரு டானிக் வாங்கி வந்தான். விலையைச் சொன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாய். மாசியில் மல்லிகைக்கு அடித்தான், பங்குனியில் பூ கொட்டியது. ஊரெல்லாம் தண்டோரா. நம் கோழி சேகரும் கடன் வாங்கி இரண்டு கேன் எடுத்துவிட்டான். அவன் எதில்தான் மாட்டவில்லை!

என் மகள் கேட்டாள்: "டானிக் அடிக்காத பக்கத்துத் தோட்டத்துலயும்தானே கொட்டுது, மாமா?" கார்த்திகையில் கவாத்து செய்த செடி, வெயில் ஏறினால் பூக்கத்தானே செய்யும்? மச்சான் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

அவள் அதோடு விடவில்லை. எந்த வரிசைக்கு டானிக், எதற்கு வெறும் தண்ணீர் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டாள். கிணற்றடி வரிசைகளை டானிக்குக் கேட்டான் மச்சான். "அப்ப ஜெயிக்கிறது இடமா, டானிக்கா?" என்று வாயை அடைத்துவிட்டாள். விடியுமுன் பூப்பறிக்க வரும் பெண்களிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் கை ஒரு பக்கம் தாராளமாகப் போகுமாம். வரிசை வாரியாக எடை போட்டு நோட்டில் குறிக்கிறாள். எவ்வளவு எடை கூடினால் டானிக் ஜெயித்ததாக அர்த்தம் என்று முதலிலேயே எழுதி, மச்சானிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. பிறகு பேச்சு மாறக் கூடாதே!

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு ராத்திரி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் நடந்த ஆராய்ச்சியைச் சொன்னாள். வயலில் நெல் தாள் கண்ணில் குத்தி உன் அப்பா பட்டாரே, பூஞ்சைப் புண், அதற்குத்தான். பழைய சொட்டு மருந்து நாடமைசின், புதிது வோரிகோனசோல். 323 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் கொடுத்திருக்கிறார்கள். 2013-இல் முடிவு வெளியானது. பழைய மருந்துதான் ஜெயித்தது.

எனக்குத் தூக்கமே வரவில்லை, முருகேசா. புதுசு என்றாலே மேல் என்று எல்லோரும் மாறியிருந்தால் எத்தனை கண் போயிருக்கும்? குலுக்கலில் புது மருந்து விழுந்தவர்களையும் நினைத்துக்கொண்டேன். அவர்கள் கண்ணை வைத்துத்தானே நமக்குத் தெரிய வந்தது.

அப்புறம், உன் மருமகன் விவசாயக் கல்லூரியில்தானே இருக்கிறார்? காற்றடித்தால் டானிக் சாரல் பக்கத்துத் தண்ணீர் வரிசையிலும் விழுகிறது. நடுவில் ஒரு வரிசையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் போதுமா என்று கேட்டு எழுது. சீக்கிரம். "சாரல் பட்டுத்தான் அந்த வரிசையும் பூக்குது" என்று மச்சான் இப்போதே ஆரம்பித்துவிட்டான்.

அன்புடன்,
பாண்டி