பழைய வண்டிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் வழக்கமான விஷயங்களை முடித்துவிடுகிறேன். பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பத்து நடந்தன. ஒன்று மழையாலும் இன்னொன்று முகூர்த்த நாள் என்பதாலும் நின்றுபோயின. புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் இருவரிடம் இன்னும் வண்டி இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது. அதுவே நுழைவுத் தகுதி என்று தலைவர் சொல்லிவிட்டார். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

மார்கழியில் நம் மூத்த மெக்கானிக் அண்ணன் காலமானார். எஞ்சின் சத்தத்தைத் தெருமுனையிலேயே கேட்டுவிட்டு எந்த வால்வு சரியில்லை என்று சொல்லக்கூடியவர். அவர் பெயர் இந்த அறிக்கையில் எங்கும் வராது, அவருக்கு அது பிடிக்காது. ஆனால் இந்த வருஷம் நாம் செய்த பெரிய வேலை, அதாவது ஆதி கார்களின் பம்பர் பற்றிய ஆராய்ச்சி, அவர் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து கிளம்பியதுதான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், குற்றவாளி நானே என்பதால் ஒளிக்க ஒன்றும் இல்லை. என்னுடைய 1929 ஃபோர்டு மாடல் ஏ கைக்கு வரும்போதே முன் பம்பர் இல்லாமல்தான் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு அங்குலத் தண்ணீர்க் குழாய் ஒன்றை வளைத்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் இரண்டு முன் நுனிகளிலும் நேரடியாக வெல்டிங் வைத்துக்கொண்டேன். கறுப்புப் பெயிண்ட் அடித்ததும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் ஒரு தடவை சுற்றி வந்து பார்த்துவிட்டு, “தம்பி, இது பம்பர் இல்லை, கடப்பாரை” என்றார். நான் சிரித்தேன்.

ஆடிப்பெருக்குப் பயணத்தில், டீக்கடைக்கு இறங்கும் சரிவில் வண்டி நிற்கவில்லை. மாடல் ஏ-க்குக் கம்பிகளால் இழுபடும் பிரேக்தான், சரியாக முறுக்கி வைக்காவிட்டால் அது நம் பேச்சைக் கேட்காது. நடக்கிற வேகத்தில் போய்த் தோப்பு வாசல் கல்தூணில் முட்டியது. குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. பெருமையோடு இறங்கிப் பார்த்தால், ரேடியேட்டருக்குக் கீழே தண்ணீர் கோலம் போட்டிருந்தது. சேசிஸின் இடது நுனி உள்பக்கம் திரும்பி, அதோடு ரேடியேட்டரும் நகர்ந்திருந்தது. குழாய் வளைந்து கொடுக்காததால் அடி முழுவதும் அப்படியே பின்னால் போயிருக்கிறது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்தில் ‘ஆதி கார்களின் பம்பர்’ என்ற தலைப்பை நானே முன்மொழிந்தேன். ஒரு கூட்டம் போதும் என்று நினைத்தது ஐந்து கூட்டம் இழுத்தது. தமிழில் என்ன சொல்வது என்பதிலேயே முதல் அரை மணி நேரம் போயிற்று. ‘இடிதாங்கி’ என்றார் தமிழாசிரியர் உறுப்பினர். அது ஏற்கெனவே கோயில் கோபுரத்துக்குப் போய்விட்டது. ‘மோதுதாங்கி’ என்று பதிவேட்டில் எழுதினோம், பேசும்போது எல்லோரும் பம்பர் என்றுதான் சொன்னோம்.

முதல் கூட்டம் 1897-ஆம் ஆண்டைப் பற்றியது. அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் மொராவியாவில் நெசெல்ஸ்டோர்ஃப் என்ற ஊர். இன்று செக் நாட்டில் கோப்ரிவ்னிட்சே என்கிறார்கள். குதிரை வண்டியும் ரயில் பெட்டியும் செய்துகொண்டிருந்த அந்த ஊர்த் தொழிற்சாலை, பென்ஸ் எஞ்சினை வைத்து ‘பிரெசிடென்ட்’ என்ற காரைச் செய்தது. பின்னாளில் டாட்ரா என்று பெயர் எடுத்ததும் இதே தொழிற்சாலைதான். பம்பர் வைத்த முதல் கார் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். ரயில் பெட்டிக்கு முன்னும் பின்னும் மோதலைத் தாங்கும் பஃபர் வைத்துப் பழகிய கை, காருக்கும் ஒன்றை வைக்காமல் விடுமா? ஆனால் ரயில் பஃபருக்குப் பின்னால் கனமான ஸ்பிரிங் உண்டு, பெட்டியும் தண்டவாளத்தை விட்டு விலகாது. காரில் வைத்த பம்பரோ பெயருக்குத்தான். சோதனை ஓட்டத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதுமே கழன்று விழுந்தது, திரும்ப மாட்டவே இல்லை என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை. அதே கார் 1898-இல் வியன்னா வரை 328 கி.மீ. ஓடியது. பம்பர் இல்லாததால் யாருக்கும் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது கூட்டம் முழுக்க ஃபிரெடரிக் சிம்ஸ். 1863-இல் ஹாம்பர்க்கில் பிறந்த ஆங்கிலேயர். டைம்லர் எஞ்சினை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர், ராபர்ட் பாஷோடு சேர்ந்து, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவைப் பரப்பியவர், இங்கிலாந்தின் மோட்டார் சங்கத்தை 1897-இல் தொடங்கியவர். சங்கம் நடத்துகிறவர் என்பதாலேயே எனக்கு அவர்மேல் தனி மரியாதை. ஃபோர்ட்சன் டிராக்டர் வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர், “எங்கள் டீசல் பம்ப்பில் இருந்த சிம்ஸ் இவரா!” என்று வாய் பிளந்தார். அவரேதான், அவர் தொடங்கிய கம்பெனி செய்தது.

இந்த சிம்ஸ்தான் 1905-இல் ரப்பர் பம்பருக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய சிம்ஸ்–வெல்பெக் காரின் முன்னால் காற்றடைத்த ரப்பர் பம்பரை வைத்தார். காற்றடைத்த டயர் சக்கரத்துக்குச் செய்வதை மூக்குக்கும் செய்ய வைத்தால் என்ன என்ற யோசனை. பாறை மாதிரி எதிர்த்து நிற்காமல், அமுங்கிக் கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளவேண்டும் என்பதுதான் அதன் கரு. நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் அவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் அமெரிக்கா. அங்கே பம்பர் வெகுநாள் வரை காரோடு வராது, தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளவேண்டும். ஸ்பிரிங் தொங்கும் இடத்து போல்ட்டைக் கழற்றிவிட்டு, அதைவிட நீளமான ஒன்றைப் போட்டு, மிச்சம் நீண்டிருக்கும் முனையில் இரும்புப் பட்டையை இறுக்கிவிடுவார்கள். துளை போட வேண்டாம், பற்றவைக்க வேண்டாம். இந்த நீள போல்ட் வித்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். அப்புறம் வந்தவைதான் ஸ்பிரிங் எஃகுப் பட்டை பம்பர்கள். மாடல் டி ஃபோர்டு பம்பர் இல்லாமலேயே விற்ற வண்டி. அதற்கென்று கடைகளில் விதவிதமாக வந்தன. 1927 கடைசியில் வந்த மாடல் ஏ-க்கு ஃபோர்டே பம்பர் தந்தது, ஆனால் அதற்குத் தனிக் காசு.

நம் பொருளாளர் வீட்டு மாடல் ஏ-யில் அசல் பம்பர் இருக்கிறது. அதைக் கழற்றி மேசைமேல் பரப்பிவைத்துப் பார்த்தோம். முன்னால் மேலும் கீழுமாக இரண்டு பட்டைகள், பின்னால் ஒரு பட்டை. ஓரங்களில் பட்டையின் நுனியைச் சுருட்டிக் கண்ணாக்கி, அதில் நெட்டுக்கு ஒரு போல்ட். சேசிஸிலிருந்து வரும் கைகள் பின்பட்டையைத்தான் பிடித்திருக்கின்றன, முன்பட்டைகளைத் தொடுவதில்லை. நடுவில் காலால் அழுத்தினால் மொத்தமும் வில் மாதிரி உள்ளே போய்த் திரும்பி வருகிறது. வண்டிக்கு அடியில் பாரம் தாங்கும் கட்டுப் பட்டை ஸ்பிரிங்கைத்தான் எடுத்து மூக்கில் படுக்கப்போட்டிருக்கிறார்கள். என் குழாய் அதன் பக்கத்திலேயே கிடந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கு நன்றி.

நான்காவது கூட்டம்தான் நிறையப் பேர் வந்தது, ஏனென்றால் அதில் உடைக்கிற வேலை இருந்தது. சக்கரம் வைத்த பலகை வண்டி ஒன்றில் மணல் மூட்டைகளை ஏற்றி, சாய்வுப் பலகையில் உருட்டித் தலைவர் வீட்டு மதிலில் மோதவிட்டோம். 25 செ.மீ. உயரத்திலிருந்து உருண்டு வந்தால் வேகம் மணிக்கு 8 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும், கணக்கு எளிது. வண்டியின் மேல் ஒரு எலுமிச்சம்பழம். மோதியதும் பழம் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதே நம் அளவுகோல்.

வெறும் இரும்புக் குழாயில் பழம் மதிலில் அடித்துத் திரும்பி வந்தது. ஸ்கூட்டர் டியூபை நிறையக் காற்றடித்துக் கட்டியபோது மோதல் மென்மையாகத்தான் இருந்தது, ஆனால் மொத்த வண்டியும் எகிறிப் பின்னால் வந்து பொருளாளரின் கால் பெருவிரலைப் பதம் பார்த்தது. காற்றைப் பாதியாக்கியதும் தேவலை. கடைசியில் தேங்காய் நாரைச் சாக்கில் திணித்துக் கட்டினோம். மோதியது, நின்றது. பழம் ஒரு சாண்கூட நகரவில்லை. ஆனால் நார் அமுங்கியபடியே கிடந்தது, அடுத்த மோதலுக்கு உதவவில்லை.

ஆதி நாட்களிலிருந்து இந்தத் தொழிலில் இருக்கும் சிக்கல் இதுதான். ஸ்பிரிங்கும் காற்றும் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுத்துவிடும். நாரோ அடியைத் தின்றுவிட்டுத் தானும் செத்துவிடும். இரண்டுக்கும் நடுவே, அடியைத் தின்றுவிட்டு மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பும் ஒன்று வேண்டும். பட்டையோடு பட்டை உரசுவதில் கொஞ்சம் அது கிடைக்கிறது. எண்ணெயைச் சிறு துளை வழியாகத் தள்ளினால் நன்றாகவே கிடைக்கும். மாடல் ஏ-யின் சக்கரங்களுக்கே ஹூடாய் என்ற கம்பெனியின் எண்ணெய் ஷாக் அப்சார்பர் இருந்தது, மூக்குக்கு மட்டும் இல்லை. அமெரிக்க அரசு 1973 மாடல் கார்களுக்கு முன்பக்கம் மணிக்கு 5 மைல், பின்பக்கம் இரண்டரை மைல் மோதலைத் தாங்கவேண்டும் என்று விதி போட்ட பிறகுதான், அங்கே பம்பருக்குப் பின்னால் எண்ணெய்க் குழல்கள் பரவலாக வந்தன. மாடல் ஏ-க்கும் 1973-க்கும் இடையில் குரோம் பளபளப்புக் காலம் ஒன்று இருந்தது. அதை நான் தாண்டிப் போகிறேன், அம்பாசிடர் உறுப்பினர்கள் கோபிக்கக்கூடாது.

கரும்பலகையில் எழுதிய ஒரு கணக்கை மட்டும் பதிவு செய்கிறேன். ஒரு டன் வண்டி, மணிக்கு 8 கி.மீ. அதை 10 செ.மீ. தூரத்தில் சீராக நிறுத்தினால் வண்டி எடையைப் போல இரண்டரை மடங்கு விசை. அதே வண்டியை 1 செ.மீ.யில் நிறுத்தினால் இருபத்தைந்து மடங்கு. வேகமும் எடையும் அதேதான், விட்டுக்கொடுத்த தூரம் மட்டும்தான் வேறு. என் சேசிஸ் நுனி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் வளைந்திருக்கிறது.

ஐந்தாவது கூட்டம் சோகம். எனக்கென்று ஸ்பிரிங் எஃகில் புதுப் பட்டைகள் அடித்தோம். வளைக்கும்போது கேஸ் வைத்துக் கண்டபடி சூடு காட்டாதே, பதம் போய்விடும் என்று அண்ணன் எச்சரித்திருந்தார், அதைக் கேட்டேன். முலாம் பூச ஒரு பட்டறையில் கொடுத்தேன். நிக்கல் என்று சொல்லியிருந்தும் குரோம் பூசித் தந்தார்கள். கார்களில் குரோம் 1926-இல் ஓல்ட்ஸ்மொபைலில்தான் முதலில் வந்தது, 1929 வண்டிக்கு அது பொருந்தும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மாட்டி மூன்று நாள் ஆகியிருக்கும். ஷெட்டில் நின்ற வண்டியில், யாரும் தொடாமலே, ராத்திரி ஒரு பட்டை முறுக்கு மாதிரி ‘டக்’கென்று ஒடிந்தது. அமிலத்தில் கழுவி முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் இறங்கிவிடுமாம். பூசிய கையோடு 200 டிகிரி அளவில் சில மணி நேரம் அடுப்பில் வைத்து அதை வெளியேற்றவேண்டும். வைக்கவில்லை. வைக்கச் சொல்லவேண்டும் என்று எனக்கும் தெரியாது. அண்ணனிடம் போய்க் கேட்கலாம் என்று இருந்தேன். அந்த வாரம்தான் அவர் போனார்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். பம்பரே இல்லாமல் வந்த 1920-களின் ஆஸ்டின் 7 வண்டிகளுக்கு நாம் பம்பர் மாட்டலாமா என்ற சண்டை மூன்று கூட்டம் நடந்தது. அசலைக் கெடுக்கக்கூடாது என்று ஒரு கட்சி, இன்றைய ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு அசல் நகல் தெரியாது என்று இன்னொரு கட்சி. முடிவு இது: மாட்டலாம், ஆனால் சேசிஸில் துளையோ வெல்டிங்கோ கூடாது. அந்தக் கால நீள போல்ட் முறையில் மட்டும், ஸ்பிரிங் எஃகுப் பட்டையில் மட்டும். கழற்றினால் வண்டி பழையபடி இருக்கவேண்டும். புதுக் கார்களில் இரும்பு பம்பர் கார்டு வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதற்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது. போலீஸ் பிடித்தால் சங்க அடையாள அட்டையைக் காட்டாதீர்கள்.

வரும் ஆண்டில் எனக்கு இரண்டாவது ஜோடி பட்டைகள் அடிக்கவேண்டும், இந்தத் தடவை அடுப்போடு. மோதல் வண்டி இன்னும் தலைவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. அவர் வீட்டு அம்மா இரண்டு தடவை ஞாபகப்படுத்திவிட்டார்கள், யாராவது டெம்போ கொண்டுவந்தால் நல்லது. மதிலில் பெயர்ந்த சுண்ணாம்பைப் பூசிய செலவு பொருளாளர் கணக்கில் ‘ஆராய்ச்சி’ என்ற தலைப்பில் இருக்கிறது, யாரும் கேள்வி கேட்கவேண்டாம்.

மூத்த மெக்கானிக் அண்ணனின் கருவிப்பெட்டியை அவர் குடும்பத்தார் சங்கத்துக்கே கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி. பட்டியல் போட்டபோது 9/16 அங்குல ரிங் ஸ்பேனர் மட்டும் காணவில்லை. மாடல் ஏ-க்கு அது இல்லாமல் முடியாது, இப்போது கடையில் தேடி அலையவேண்டும். எடுத்துப் போனவர் யார் என்று கேட்கமாட்டேன். தலைவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனால் போதும்.

இந்த அறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்