கன்னியாவில் எரிமலை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் திருகோணமலையைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்தது. எங்கள் ஊரைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவன் நான். படங்கள் நன்றாக இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி. யுனெஸ்கோ போன்ற அமைப்புகளின் இயற்கைப் பட்டியல்களில் இந்த மாவட்டத்தின் பெயர் இல்லாததற்குக் காரணம், இங்கே வாழ்கிற மக்களுக்குத் தங்கள் மண்ணின் அருமை தெரியாததுதான் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை, ஐயா. நிலாவெளியில் பிறந்து வளர்ந்து, இப்போது படகுக்காரர் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்லியே ஆகவேண்டும்.

உலக மரபுரிமைப் பட்டியலுக்கு ஒரு இடத்தைப் பரிந்துரைப்பது அரசாங்கம். ஈரநிலங்களுக்கான சர்வதேசப் பட்டியலான ராம்சாரில் ஒரு இடத்தைச் சேர்ப்பதும் அரசாங்கம்தான். இது உங்களுக்குத் தெரியாததல்ல. சிங்கராஜ வனம் 1988இல் மரபுரிமைப் பட்டியலுக்குப் போனது, மத்திய மலைநாடு 2010இல் போனது, ராம்சாரில் புந்தல தொடங்கி வில்பத்து வரை வரிசையாக இடங்கள் போயின. சந்தோஷம். மன்னாரில் வங்காலையும் 2010இல் சேர்ந்தது, அங்கே போய்ப் பூநாரைகளைப் பார்த்துவிட்டு வந்தவன்தான் நானும். ஆனால் நாட்டின் மிக நீளமான ஆறான மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கடலில் விழுகிற கொட்டியாரக்குடாவின் கண்டல் காடுகள் ஏன் அந்தப் பட்டியலில் இல்லை என்று மூதூரில் வலை இழுக்கிறவனைப் பிடித்துக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? அவனிடம் யாராவது ஒரு படிவம் கொடுத்து அவன் நிரப்பாமல் விட்டானா?

அருமை தெரியாது என்கிறீர்கள். என் அப்பா பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும் என்றிருந்த காலத்திலும் போய் வந்தவர். ஈயக்குண்டைக் கட்டி நூலை விட்டுக்கொண்டே போவார், ஒரு இடம் வரை தரை தட்டும், அதற்கப்பால் நூல் முடிந்துவிடும், குண்டு எதையும் தொடாது. தண்ணீரின் நிறமும் அங்கே மாறும். அந்த இடத்தை அவர் கரையிலுள்ள அடையாளங்களை வைத்தே சொல்லுவார். கடலடிப் பள்ளத்தாக்கு என்று புத்தகத்தில் படித்தபோதுதான் அப்பா காட்டியது அதைத்தான் என்று எனக்குப் புரிந்தது. குடாவுக்குள்ளேயே அந்தப் பள்ளத்தாக்கு நுழைந்து வருவதால்தான் திருகோணமலைத் துறைமுகத்துக்கு அந்த ஆழம், ஆழ்கடலில் மூழ்கி இரை தேடுகிற ஸ்பெர்ம் திமிங்கலமும் நீலத் திமிங்கலமும் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதும் அதனால்தான். சோளகக் காற்று தொடங்கினால் எந்தப் பக்கம் படகை விடவேண்டும் என்று இங்கே பொடியன்களுக்குக்கூடத் தெரியும்.

சரி, நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாமலைத் தீவுக்கு வருகிறேன். கட்டுரையில் அதற்கு ஒரு பந்தி கொடுத்திருந்தீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டுப் பழகுகிற இடமாக இருந்து, 1963இல் சரணாலயமாகி, 2003இல் கடல்சார் தேசியப் பூங்காவானது வரை சரியாகத்தான் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை ஏன் எழுதவில்லை? யுத்தம் முடிந்தபின் ஆட்கள் வரத் தொடங்கினார்கள், வருடத்துக்கு வருடம் கூடினார்கள். தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கும் நேரத்தில், நீந்தத் தெரியாதவர்கள் களைத்துப்போய் முருகைக்கல்லின், அதாவது உயிருள்ள பவளப்பாறையின், மேலேயே ஏறி நின்றுவிடுவார்கள். மான்கொம்பு முருகை காலடியில் முறிகிற சத்தம் தண்ணீருக்குள் தலை இருந்தால் நன்றாகக் கேட்கும். பல வருடங்களாக வளர்ந்த கிளை ஒரு நிமிடத்தில் போய்விடும், பிறகு அது வெளிறி, உடைந்து, தீவின் கரையில் குவிந்து கிடக்கிற துண்டுகளோடு சேர்ந்துகொள்ளும். "இறங்குங்கோ, இறங்குங்கோ" என்று தொண்டை வறளக் கத்துகிறவர்கள் எங்கள் படகுக்காரர்கள். அதற்கு அவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஏச்சு மட்டும் உண்டு. ஒருமுறை எங்கள் பையன் ஒருவன் அப்படிக் கத்தியதற்காக, வந்தவர்கள் காசு குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அருமை தெரியாதவர்கள் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தத் தீவுக்குப் போக எல்லோரும் நுழைவுச்சீட்டு எடுக்கிறார்கள். அதில் எவ்வளவு தொகை எங்கள் கரைக்குத் திரும்பி வருகிறது என்று ஒரு பலகையில் எழுதி வைக்கும்படி பல வருடங்களாகக் கேட்கிறோம். கடிதம் கொடுத்தோம், கூட்டத்தில் எழுந்து பேசினோம், குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

அங்கீகாரம் கிடைத்தால் வளர்ச்சி தானாக வந்துவிடும் என்பதுபோலக் கட்டுரை முடிகிறது. அப்படி எங்கே வந்தது? எதிர்க்கரையில், தமிழ்நாட்டுப் பக்கம், மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 21 தீவுகள், முதலில் தேசியப் பூங்கா, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம், பின்னர் யுனெஸ்கோ வலையமைப்பிலும் இடம். ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த இராமநாதபுரத்துப் பெண்கள் தங்கள் கடலிலேயே அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். உயிர்க்கோளக் காப்பகம் என்ற ஏற்பாட்டிலேயே நடுவில் தொடக்கூடாத பகுதி, அதைச் சுற்றி ஒரு காப்பு வளையம், அதற்கும் வெளியே மனிதர்கள் தொழில் செய்து வாழ்கிற பகுதி என்று மூன்று உண்டு. வெளி வளையத்தை மறந்துவிட்டு நடுப்பகுதிக்கு மட்டும் காவல் போட்டால் பசி யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

புவிப்பூங்கா என்ற திட்டத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம். 2015இல்தான் யுனெஸ்கோ அதைத் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. பாறையும் நிலமும் உலக அளவில் முக்கியமாக இருக்கவேண்டும், அதோடு அந்த மண்ணில் இருக்கிற மக்களும் நிர்வாகத்தில் பங்கெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பமே நிற்காது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வந்து சோதித்துப் பார்க்கிறார்கள், குறை இருந்தால் மஞ்சள் அட்டை, திருந்தாவிட்டால் சிவப்பு அட்டை, பட்டம் போய்விடும். என் மச்சான் மலேசியாவில் லங்காவியில் வேலை செய்தவர், 2007இல் அந்த அங்கீகாரம் பெற்ற தீவு அது. அங்கே கிளிம் என்ற ஊரில் மீனவர்களே கூட்டுறவுச் சங்கம் வைத்துக் கண்டல் காட்டுக்குள் படகு விடுகிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. இலங்கையில் இன்றுவரை ஒரு புவிப்பூங்கா கூட இல்லை. திருகோணமலையில் அதற்கு என்ன குறை? கோணேசர் கோயில் நிற்கிற மலையும் அதிலுள்ள இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவும் இருக்கின்றன, கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கிறது, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. புல்மோட்டையில், உள்நாட்டுப் பாறைகள் தேய்ந்து வந்த இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கோனும் அலை அரித்துச் சேர்த்த கறுப்பு மணலாகக் கிடக்கின்றன. அந்த மணல் இந்தக் கரையை விட்டுப் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், அதைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சின்னக் காட்சிக்கூடம் கூட இங்கே நான் பார்த்ததில்லை. கேட்டால் எங்களுக்கு அருமை தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கன்னியாப் படத்தின் கீழே 'எரிமலை வெந்நீரூற்று' என்று போட்டிருக்கிறீர்கள். இங்கே எரிமலை கிடையாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமிக்குள் இருக்கிற சூட்டில் காய்ந்து, வேறு வெடிப்பு வழியே மேலே வருகிறது. மகாஓயா வெந்நீரூற்றிலும் அப்படித்தான். ஏழு கிணற்றிலும் சூடு ஒரே மாதிரி இருக்காது, கைவைத்துப் பார்த்தாலே தெரியும். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று நம்பி, எங்கள் வீடுகளில் ஒரு சாவு நடந்தால் அந்தத் தண்ணீருக்குத்தான் வருகிறோம், என் அப்பாவின் அந்தியேட்டியும் அங்கேதான் நடந்தது. அந்தப் படக்குறிப்பை இணையப் பதிப்பிலாவது திருத்திவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஒப்படை எழுதுகிறார்கள், என் மகளே எழுதினாள், ஆசிரியை சிவப்பு மையால் சுழித்து அனுப்பியிருக்கிறார்.

இப்படிக்கு,
நிலாவெளி வாசகன்,
திருகோணமலை.