துரு போகட்டும், தேய்மானம் இருக்கட்டும்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் எழுதத் தாமதம். ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமானதில் எங்கள் இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். தை மாதம் என்றால் எப்படியாவது வந்துவிடுவோம், சாந்தி இப்போதே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள். தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? ஆபரேஷன்தான் வழி என்றால் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போடாதே. கல்யாண வீட்டில் அலைகிற அலைச்சல் உனக்குத் தெரியாததா.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "இந்த வயதில் உனக்கு எதற்கடா துப்பாக்கி?" என்று எழுதியிருந்தாய். போன மாதம் போனில் பேசியபோது அரைகுறையாகச் சொல்லிவிட்டேன், அதனால்தான் உனக்கு அப்படித் தோன்றியிருக்கும். முழுசாகவே எழுதுகிறேன்.

இங்கே அமெரிக்காவில், பில்லிங்ஸில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருந்தார், பரம்பரையாக மாட்டுப் பண்ணை வைத்திருந்த குடும்பம். அவர் காலமான பிறகு அவருடைய மகள் பண்ணைக் கொட்டகையைக் காலி செய்தபோது, சாக்குத் துணியில் சுற்றி உத்தரத்தில் செருகியிருந்த ஒரு ரைஃபிள் கிடைத்தது. நான் இரும்பு வேலை தெரிந்தவன் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், கூப்பிட்டுக் காட்டினாள். வின்செஸ்டர் 1892 மாடல், லீவர் ஆக்‌ஷன், .44-40 தோட்டா போடுவது. நாம் ஜெய்சங்கர் கௌபாய் படங்களில் வாயைப் பிளந்து பார்த்தோமே, கைப்பிடிக்குக் கீழே இருக்கும் வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்துச் சுடுவார்களே, அந்த ஜாதி. குழல் முழுக்கச் செந்துரு, பின்கட்டை கழுத்தில் விரிசல், லீவர் பாதிக்கு மேல் நகரவே இல்லை. பழைய இரும்புக்குப் போடத்தான் லாயக்கு என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை.

கோடி என்று ஓர் ஊர் வயோமிங் மாநிலத்தில் இருக்கிறது, பில்லிங்ஸிலிருந்து காரில் இரண்டு மணி நேர ஓட்டம். அங்கே இருக்கும் மியூசியத்தில்தான் வின்செஸ்டர் கம்பெனியின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. ரிசீவரின், அதாவது இயங்கும் பாகங்களைத் தாங்கும் நடு இரும்புக் கூட்டின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைக் கொடுத்தால், அந்தத் துப்பாக்கி கிடங்கை விட்டு எப்போது வெளியே போனது, எந்தத் தோட்டாவுக்கு, எந்த மாதிரிக் குழலோடு என்று பார்த்து எழுதித் தருகிறார்கள். நம்முடையது 1897. இந்த ஊர் மத்தியச் சட்டப்படி 1898 வரை செய்யப்பட்டதெல்லாம் பழம்பொருள் கணக்கு, 1968-இல் வந்த சட்டம் அது. அதற்காக நான் அலட்சியமாக வைத்திருக்கவில்லை, பேத்தி வந்து போகிற வீடு, இரும்பு அலமாரியில் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

இந்த மாடலை வடிவமைத்தது ஜான் பிரௌனிங், யூட்டாவில் ஆக்டன் ஊர்க்காரர். அப்பாவும் துப்பாக்கிக் கொல்லர். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான், வரைபடம் போடுவதைவிட நேராக இரும்பில் செய்து காட்டுவதுதான் அவர் வழக்கம். 1886 மாடல் பெரிய தோட்டாக்களுக்கானது, அதே அமைப்பைச் சின்னதாக்கிக் கொடு என்று வின்செஸ்டர்காரர்கள் கேட்க, முப்பது நாளில் தருகிறேன், இருபதாயிரம் டாலர் கொடு, தவறினால் காசே வேண்டாம் என்று சொல்லி, சொன்னபடி முடித்துக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. பத்து லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். உள்ளே பார்த்தால் உனக்குப் பிடித்துப்போகும் கணேசா. லீவரை மூடும்போது, தோட்டாவுக்குப் பின்னால் குழலை அடைக்கும் போல்ட்டின் இரண்டு பக்கமும் இரண்டு எஃகுத் துண்டுகள் செங்குத்தாக மேலே ஏறிப் பூட்டிக்கொள்ளும். வேறு எதுவும் தேவையில்லை. வெடிப்பின் அதிர்ச்சி முழுவதையும் அந்த இரண்டு துண்டும் ரிசீவர் சுவரும் வாங்கிக்கொள்கின்றன. இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் துண்டுகளின் முகம் பளபளவென்று தேய்ந்து ஒன்றோடொன்று படிந்து நிற்கிறது. வெளியே அவ்வளவு துரு, உள்ளே இப்படி!

முதல் வேலை, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. குழலுக்குக் கீழே ஒரு நீளக் குழாய் இருக்கும், தோட்டாக்கள் அதற்குள் வரிசையாக நிற்கும், பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளும் என்று நினைக்காதே, முன்னாலிருந்துதான் தள்ளும். துருப்பிடித்து ஸ்பிரிங் இறுகிப்போனால் ஒரு தோட்டா நடுவிலேயே சிக்கி நின்றுவிடும், ரிசீவரைத் திறந்து பார்க்கிறவனுக்குக் காலியாகத் தெரியும். இதிலும் ஒன்று இருந்தது. இதை நான் தொடவில்லை, உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய்த்தான் எடுத்தேன். பச்சைக் களிம்பு பூத்த பித்தளை, அடியில் வின்செஸ்டரின் முத்திரை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அது உள்ளே இருந்தது தெரியாது. உத்தரத்தில் எத்தனை வருஷம் இருந்ததோ, கீழே எத்தனை பிள்ளைகள் விளையாடினார்களோ. யாராவது பழைய துப்பாக்கி கிடைத்தது என்று சொன்னால் முதலில் இதைச் சொல்.

அப்புறம் ஸ்க்ரூ. பழைய துப்பாக்கிகளைக் கெடுத்தது துருவைவிடத் திருப்புளிதான் என்று நினைக்கிறேன். இவற்றின் தலையில் இருக்கும் வெட்டு மிகக் குறுகலானது, பக்கச் சுவர் நேராக இருக்கும். கடையில் வாங்கும் திருப்புளி முனை சரிவாக இருப்பதால் வெட்டின் மேல் விளிம்பை மட்டும்தான் பிடிக்கும், அழுத்தித் திருப்பினால் விளிம்பு பிய்ந்துகொண்டு வரும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முனையைத் தனித்தனியாகக் கல்லில் தீட்டி, வெட்டில் ஆடாமல் உட்காரும்வரை அளவு பார்த்தேன். ஃபிட்டிங் ஷாப்பில் சாவிக்கும் காடிக்கும் நாம் அரம் போட்டது நினைவிருக்கிறதா, அதே வேலைதான். ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, சால்டரிங் அயர்னால் தலையைச் சூடாக்கி, ஆறவிட்டு மறுபடி எண்ணெய் விட்டு, அவசரமே படாமல் எடுத்தேன். பின்கட்டையைப் பிடிக்கும் மேல் ஸ்க்ரூ முதலில், அப்புறம் மெயின்ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டு, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியின் ஸ்க்ரூ, அதன் பிறகு கீழ்த்தகடு மொத்தமாகப் பின்னால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

இப்போதுதான் முக்கியமான கேள்வி வந்தது. எவ்வளவு தூரம் சரிசெய்வது? இங்கே இதைச் செய்கிறவர்களில் ஒரு சாரார் குழலை மழமழவென்று தேய்த்து, எழுத்துகளை மறுபடி வெட்டி, புது நிறமேற்றி, தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்தது மாதிரி ஆக்கிவிடுவார்கள். திறமையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் உப்புத்தாள் பட்டதும் எண்கோணக் குழலின் முனைகள் மழுங்கிவிடும், பொறித்த எழுத்து ஆழம் குறைந்துவிடும், போனது போனதுதான். இன்னொரு சாரார் துருவைக்கூடத் தொடாதே என்பார்கள். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. செந்துரு சும்மா இருப்பதில்லை, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளே தின்றுகொண்டே போகும்.

இந்த ரிசீவரைக் கையில் எடுத்துக் கவனித்துப் பார்த்தேன். அடிப்பக்கம், லீவருக்குச் சற்று முன்னால், எடை இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் இடத்தில் மட்டும் மேலே ஏற்றியிருந்த நீல நிறம் சுத்தமாகப் போய் எஃகு வெள்ளி மாதிரி தெரிகிறது, ஓரங்கள் உருண்டு வழவழப்பாக. ஒரு கையால் தூக்கிக்கொண்டு நடந்தால் விரல்கள் சரியாக அங்கேதான் வந்து விழும். என் கையும் அங்கேதான் போயிற்று. அது யாரோ வருஷக்கணக்கில் அதைச் சுமந்து நடந்ததால் வந்தது. துரு அப்படியல்ல, யாரும் கவனிக்காமல் விட்டதால் வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. துருவை நிறுத்துவேன், தேய்மானத்தைத் தொடமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்கு நல்ல வழி கொதிக்கவைப்பது. பழைய காலத்தில் குழலுக்கு நிறமேற்றியதே இந்த முறையில்தான்: வேண்டுமென்றே மெல்லிய துருவை வரவழைத்து, கொதிநீரில் போட்டு, தேய்த்து, மறுபடி துரு ஏற்றி, படிப்படியாகக் கருநீலம் வரவைப்பார்கள். நான் புதிதாகத் துரு ஏற்றவில்லை, ஏற்கெனவே இருப்பதையே பயன்படுத்தினேன். பாகங்களை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி, நீளமான தகரத் தொட்டியில் வாலை வடிநீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் செந்துரு கறுப்பாக மாறுகிறது. அதாவது சிவப்பு இரும்பு ஆக்சைடு கறுப்பு மேக்னடைட் ஆகிறது. மேலே தூளாக நிற்பதை, எண்ணெய் நீக்கிய மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் லேசாகத் துடைத்தால் போதும், கீழே கருமையாக ஒரு படலம் இரும்போடு ஒட்டி நின்றுவிடும். குழலைத் தொட்டியிலிருந்து எடுத்த சில நொடியில் சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகிவிடும், அந்தச் சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசிவிட வேண்டும். முதல் தடவை செம்மண் நிறத்தில் உள்ளே போனது ஆட்டுக்கல் நிறத்தில் வெளியே வந்ததும் சாந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பள்ளங்கள் அப்படியேதான் இருக்கின்றன, துரு மட்டும் வளராது. கம்பெனி இருந்த நியூ ஹேவன் என்ற ஊர்ப்பெயரும் வின்செஸ்டர் பெயரும் விரலால் தடவினாலே தெரிகிறது.

மரம் அமெரிக்க வால்நட். உத்தரத்துக்குப் போவதற்கு முன் நிற்கவைத்தே வைத்திருந்தார்கள் போல, இரும்பில் விட்ட எண்ணெயெல்லாம் இறங்கிக் கழுத்துப் பக்கம் கறுத்து, நகம் பட்டால் பதிகிற அளவுக்கு மெத்தென்று ஆகியிருந்தது. சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் தூள் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு பழுப்பாகும், தட்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். வெளியே காற்றாட வைத்துத்தான் செய்தேன். விரிசலுக்கு மேல் யாரோ செப்புக் கம்பியை வரிவரியாகச் சுற்றி, முனையை உள்ளே மடக்கி நேர்த்தியாக முடித்திருந்தார்கள். நல்ல கைவேலைக்காரர். பிரித்தபோது கம்பிக்கு அடியில் மரம் அதன் பழைய தேன் நிறத்திலேயே இருந்தது. விரிசலில் பசை விட்டு இறுக்கி, அதே கம்பியை அதே தடத்தில் திரும்பச் சுற்றிவிட்டேன். மேலே ஆளிவிதை எண்ணெய், கையாலேயே தேய்த்தது.

சுடுவாயா என்று கேட்பாய். மாட்டேன். குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் அங்கங்கேதான் தெரிகின்றன, மீதி பள்ளம். அந்தக் காலத்துக் கரிமருந்தும் தோட்டாவின் அடியில் தீப்பொறி கிளப்பி, அரிக்கிற உப்பை விட்டுப்போகும் பழைய பிரைமரும் செய்த வேலை. உள்ளே புதுக்குழாய் செருகித் தரமுடியும் என்றார் மெக்கானிக், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம் இருக்கிறது. 1876-இல் லகோட்டா, ஷையன் பூர்வகுடிகள் அமெரிக்க ராணுவத் தளபதி கஸ்டரின் படையை முடித்த இடம். அவர்களில் பலர் கையில் இதன் பாட்டன் முறையான பழைய ஹென்றி, வின்செஸ்டர் ரைஃபிள்கள், ராணுவத்திடம் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்ட். இந்தப் பொருளோடு வரும் சரித்திரம் சுலபமானதல்ல என்று எனக்குத் தெரியும். அதனால்தான் புதிதாக மினுக்கிக் காட்டவும் மனம் ஒப்பவில்லை, குப்பையில் போடவும் ஒப்பவில்லை. முடிந்ததும் பெரியவரின் மகளிடமே கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

ஒரு சந்தேகம், உன்னைத்தான் கேட்க வேண்டும். தோட்டா வழிகாட்டித் தகடு ஒன்றைப் பிடிக்கும் ஸ்க்ரூவின் தலை துருவில் கரைந்துபோயிருக்கிறது. மரை இப்போதைய எந்த அளவோடும் பொருந்தவில்லை, லேத்தில் நானே கடையப் போகிறேன். தலையை மட்டும் மேற்பரப்புக் கடினமாக்கினால் வெட்டு பிய்யாமல் இருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் இவ்வளவு சின்னத் தலையில் கடினம் மரை வரைக்கும் இறங்கி முறிந்துவிடுமோ என்று பயம். நீ சின்ன ஸ்க்ரூக்களுக்கு மரையில் ஏதோ பூசி மறைத்துச் சூடாக்குவதாக முன்பு சொன்னாயே, அது என்ன, எவ்வளவு நேரம் வைப்பாய்? விவரமாக எழுது. கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்பில் மட்டும் அனுப்பாதே, மஞ்சள் தடவி ஒன்று தபாலிலும் போடு, சாந்தி கேட்கிறாள்.

அன்புடன்,
உன் முத்து