மூன்று படங்களுக்கு ஒரு பதில்

டேய் மாப்பிள்ளை,

நீ அனுப்பிய மூன்று ரிம் படங்களும் வந்தன. உன் காருக்கு எதைப் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். சொல்ல மாட்டேன். கோபப்படாதே, காரணம் இருக்கிறது. நம் கூட்டாளி நெட்டை தன் காரை விற்றுவிட்டான்.

ஆமாம், என்னென்னவோ மாட்டி அலங்கரித்தானே, அதே கார்தான். வாங்க வந்தவர் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். மேலே ஒட்டியிருந்த கலர் ராப்பை உரித்து, பின்னால் இறக்கை மாதிரி நின்ற ஸ்பாய்லரைக் கழற்றி, பரணில் கிடந்த கம்பெனி பம்பரைத் தூசி தட்டி மாட்டினோம். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போயிருந்தேன். கழற்றும்போது ஒவ்வொன்றும் யாருக்காகப் போட்டது என்று அவனாகவே சொல்லிக்கொண்டு வந்தான். எக்ஸாஸ்ட் குழாய் ஆபீஸ் பையன்களுக்காக. கறுப்புக் கூரை, நம் கூட்டத்து ஸ்பீக்கர் பயல் நல்லா இருக்கும் என்று சொன்னதற்காக. அகலமான ரிம் யாருக்காக என்று உனக்கே தெரியும், அந்தப் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம். "சரி, உனக்காக என்னடா போட்டாய்?" என்று கேட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு கியர் கம்பியின் தலையில் இருக்கும் நாப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு பெரிய தத்துவமே கண்டுபிடித்தேன். ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து உணர முடிவதெல்லாம் நமக்காக: சீட், ஸ்டீயரிங், பிரேக் பேட், டேம்பர் (அதான், ஷாக் அப்சார்பர்). நல்ல டேம்பர் போட்டால் வளைவில் வண்டி எப்படி உட்காருகிறது என்று உன் இடுப்புக்குத்தான் தெரியும், தெருவில் ஒருத்தனும் கை தட்ட மாட்டான். ரிம், பெயின்ட், ஸ்பாய்லர் எல்லாம் ஊருக்காக, ஏனென்றால் ஓடுகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு உன் ரிம்மை நீயே பார்க்க முடியாது. இதைப் பெருமையாக வீட்டம்மாவிடம் சொன்னேன். "காரை நிறுத்திவிட்டுப் படியேறுவதற்குள் நீங்கள் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறீர்கள்?" என்றாள். தத்துவம் அத்தோடு முடிந்தது.

அவள் சொன்னது நிஜம். பார்த்து ரசிப்பதும் நம் சுகம்தான். மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவதிலும் பெரிய குற்றம் இல்லை. கலிபோர்னியாவின் லோரைடர் ஆட்களையே எடுத்துக்கொள். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள். காரைத் தரையோடு தரையாக இறக்கி, மெதுவாக ஊர்வலம் போல ஓட்டுவார்கள். வண்டியின் எந்தப் பாகமும் ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது என்று 1958-ல் அங்கே சட்டம் வந்தது. அடுத்த வருஷமே ரான் அகிரே என்பவர் தன் கார்வெட் காரில், எண்ணெய் அழுத்தத்தால் வண்டியை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்திவிட்டார். போலீஸ் வந்தால் உயர்த்தலாம், போனதும் இறக்கலாம். காட்டிக்கொள்வதற்காகவே கட்டிய வண்டிகள்தான் அவை, அதை அவர்கள் மறைத்ததும் இல்லை. ஆனால் யாருடைய கண்ணுக்காக என்பதில் குழப்பமே கிடையாது. தங்கள் தெரு, தங்கள் ஆட்கள். போலீஸுக்குப் பிடிக்கவில்லை என்று யாரும் ஸ்பிரிங்கை மாற்றவில்லை.

நெட்டைக்கு அந்தத் தெளிவு இல்லை. எதிரே வருகிற எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் அவனுக்கு. சக்கரத்துக்குள் தெரியும் பிரேக் காலிப்பருக்கு அவனே உட்கார்ந்து பச்சை பெயின்ட் அடித்தானே, நினைவிருக்கிறதா? ராத்திரி டார்ச் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் யாரோ "ஏன்டா இந்தப் பச்சை?" என்று கேட்டார்கள். திட்டக்கூட இல்லை, சும்மா கேட்டதுதான். சாயங்காலத்துக்குள் கறுப்பாகிவிட்டது. நானாக இருந்தால் அந்தப் பச்சையை மாற்றியிருக்க மாட்டேன், கேவலமான பச்சைதான் என்றாலும்.

இதைப் படித்துவிட்டு உன் மச்சான் துள்ளுவார், "அதனால்தான் நான் எதையுமே மாற்றுவதில்லை" என்று. அவரிடம் கேள்: சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் யாருக்காக வைத்திருக்கிறார்? என்றைக்கோ வரப்போகிற, முகம் தெரியாத ஒரு செகண்ட் ஹேண்ட் ஆளுக்காக. நெட்டையாவது கண்ணுக்குத் தெரிகிற ஆட்களைத் திருப்திப்படுத்தினான். இன்னொரு ரகமும் உண்டு. துருப்பிடித்த ஸ்டீல் ரிம்மோடு சுற்றிக்கொண்டு, "யார் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலை இல்லை" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறவன். கவலை இல்லாதவன் எதற்கு இத்தனை பேரிடம் சொல்கிறான்?

அதற்காகத் தனியாக ஒரு ரசனை வானத்திலிருந்து விழும் என்றும் நான் நம்பவில்லை. நமக்கு ஐந்து ஸ்போக் ரிம் பிடித்ததே நெட்டையின் அண்ணன் வாங்கிய பத்திரிகைகளால்தான். கடன் வாங்கிய ஆசைதான், ஆனால் இத்தனை வருஷம் கூடவே இருந்து நம்முடையதாகிவிட்டது. அதனால்தான் உன் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். நான் இரண்டாவது படம் என்று சொன்னால் நீ இரண்டாவதைப் போடுவாய். அப்புறம் ஸ்பீக்கர் மூஞ்சியைச் சுளித்தால் என்னைத் திட்டுவாய்.

அளவைப் பற்றிக் கேள், அதைச் சொல்கிறேன். இப்போது இருக்கும் டயர் 195/65 ஆர்15: அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 இஞ்ச். 17 இஞ்ச் ரிம்முக்குப் போவதானால் 225/45 டயர் பார். மொத்த விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய 634 மில்லிமீட்டர்தான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் 127-லிருந்து 101 மில்லிமீட்டராகக் குறைகிறது. அந்த ரப்பர்தான் இதுவரை பள்ளத்தின் அடியை வாங்கிக்கொண்டிருந்தது. இனி ரிம்மும் உன் முதுகும் வாங்கும். பார்ப்பவன் பாராட்டிவிட்டுப் போய்விடுவான், தினமும் அதில் உட்காரப் போவது நீ. பிடித்திருந்து அந்தக் குலுக்கலைத் தாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆஃப்செட்டையும் (ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காரும் என்ற கணக்கு) ரிம்மின் நடு ஓட்டையின் அளவையும் கேட்காமல் எதையும் வாங்காதே. ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பும்போது டயர் எங்கேயும் உரசக் கூடாது.

அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாரா? பெரியவன் பரீட்சை முடிந்ததா? இங்கே எல்லோரும் நலம். நெட்டை இப்போதைக்கு பஸ்ஸில் போகிறான், நன்றாகத் தூங்குகிறானாம்.

மூன்றில் எது என்று முடிவானதும் மாட்டியபிறகே எனக்குப் படம் அனுப்பு. நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்து மறுபடி ஒருமுறை பார்த்துவிடு. போன தடவை மறந்தாயே, அந்த மாதிரி வேண்டாம்.

உன்,
போல்ட்டு