செய்திகள் என்ற சொல்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இப்போது மாடிப்படி ஏறுகிறார்களா?

பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். இரண்டு வாரத்தில் முடியும் என்று போனில் சொன்னேனே, அந்த எஸ்டிகே மாற்றம், நான்கு மாதம் இழுத்துவிட்டது. நாங்கள் செய்வது ஆண்டெனா வழியாக டிஜிட்டல் டிவி பார்க்கும் பெட்டி. இங்கே அனலாக் ஒளிபரப்பு 2019 புத்தாண்டோடு நின்றுவிட்டது, இப்போது எல்லாமே டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறை. கெர்னல், டியூனரை இயக்கும் டிரைவர், கம்பைலர் என்று அடிப்படை மென்பொருள் எல்லாவற்றையும் சிப் செய்பவர்கள் ஒரே கட்டாகத் தருவார்கள், அதுதான் எஸ்டிகே. மெனுவும் நிகழ்ச்சிப் பட்டியலும் அதன்மேல் நாங்கள் எழுதுவது. ஒழுங்காக ஓடுகிற பெட்டியை ஏன் கலைக்க வேண்டும் என்று அலுவலகத்தில் பலர் கேட்டார்கள்.

நான் விடாப்பிடியாக நின்றதற்குக் காரணம் தமிழ்.

பழைய கட்டில் எழுத்து வரையும் பகுதி ஒரு குறியீட்டுக்கு ஒரு படம் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். 'செய்திகள்' என்ற சொல்லை எடுத்துக்கொள். நினைவகத்தில் ச முதலில், கொம்பு அடுத்து. அதை அப்படியே வரைந்தால் கொம்பு ச-வைத் தாண்டிப் போய் ய்-க்கு முன்னால் நிற்கும். புள்ளி எழுத்தின் தலையில் உட்காராமல் பக்கத்தில் தனியாகத் தொங்கும். மெனுவில் இதை மறைக்க, யாரோ முன்பே தமிழ்ச் சொற்களைப் படங்களாகவே வரைந்து வைத்திருந்தார்கள். ஆனால் நிகழ்ச்சிப் பெயர் காற்றில் வருவது. முதல் பைட் ஹெக்ஸில் (பதினாறின் அடிமானத்தில்) 15 என்றால் பின்னால் வருவது யூடிஎஃப்-8, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் யூனிகோட் முறை, அதில் எந்தத் தமிழ்ச் சொல்லும் வரலாம். அதற்கெல்லாம் முன்கூட்டியே படம் வரைய முடியுமா? நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று தமிழ் என்று சொல்லும் ஊரில் தமிழை மட்டும் உடைத்துக் காட்டுகிற பெட்டியை விற்க எனக்கு மனம் வரவில்லை. புது கட்டில் ஹார்ஃப்பஸ் என்று எழுத்துகளை முறைப்படி அடுக்கித் தரும் மென்பொருள் இருக்கிறது. கொம்பை அதன் இடத்தில் அதுவே வைத்துவிடும்.

சரி, கட்டை மாற்றினோம். முதல் நாளே சேனல் தேடல் நூறு சதவீதம் வரை போய், '0 சேனல்' என்று நின்றது. ஆண்டெனாவை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், மூன்று நாள் போனது. டி2-இல் ஒரே அலைவரிசைக்குள் பல ஓடைகள் போகலாம், பிஎல்பி என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். புது டிரைவரில் 'எதுவானாலும் சரி' என்று சொல்ல 32 பிட்டும் '1' ஆக இருக்கும் மதிப்பைக் கொடுக்க வேண்டும். எங்கள் பழைய நிரல் அதை ஒரே பைட்டில், அதாவது வெறும் 8 பிட்டில், வாங்கி வைத்திருந்தது. மிஞ்சியது 255. பாவம், டிரைவர் இல்லாத 255-ஐத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. திருத்தம் ஒரே வரிதான். அன்று இரவு வீட்டுக்கு நடந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்று சொல்லட்டுமா? 32 பிட்டில் நொடிகளை எண்ணும் கணக்கு 2038 ஜனவரி 19-இல் தீரும் என்று உன் மாணவர்களுக்குச் சொல்லியிருப்பாய். டிவிபியில் தேதி 16 பிட் நாள் எண்ணாக வருகிறது, 1858 நவம்பர் 17-இலிருந்து எண்ணுவது. அதுவும் அதே 2038-இல், ஏப்ரல் 22-உடன் நிரம்பிவிடும். முதலாவதைப் புது கட்டின் 64 பிட் நேரம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்கு, எண் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து வந்தால் அடுத்த சுற்று என்று கொள்ளும்படி நானே எழுதி வைத்திருக்கிறேன். அதுவரை யார் பெட்டியை வைத்திருப்பார்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். உங்கள் வீட்டு சாலிடேர் டிவி எத்தனை வருஷம் ஓடியது என்று எனக்குத் தெரியுமே!

பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான புது ஃபர்ம்வேர் ஆண்டெனா வழியாகத்தான் வீடுகளுக்குப் போகும், எல்லார் வீட்டிலும் இணையம் இல்லை. பாதியில் மின்சாரம் போனால் பெட்டி செத்துவிடக் கூடாது என்று இரண்டு பிரதி வைத்திருக்கிறோம். எழுதிக்கொண்டிருக்கும்போதே அறுபது தடவை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். அறுபது தடவையும் பழைய பிரதியில் எழுந்து வந்தது.

போன வாரம் அனுமதி வாங்கி, கீழ்வீட்டுப் பாட்டிக்கு ஒரு சோதனைப் பெட்டி மாட்டிக் கொடுத்தேன். நான் தயாரித்த பட்டியலைத் திரையில் பார்த்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "செய்திகள், எட்டரை" என்று தடங்கலில்லாமல் வாசித்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, செல்வி.

உன்னால் ஓர் உதவி வேண்டும். 'ஸ்ரீ'யை ஸ போட்டும் எழுதுகிறார்கள், ஶ போட்டும் எழுதுகிறார்கள். எங்கள் எழுத்துருவில் ஒன்றுதான் சேர்ந்து வந்தது, போன செவ்வாய்தான் கண்டுபிடித்தோம். இப்படி வம்பு பண்ணுகிற சொற்கள் இன்னும் இருக்கும். உன் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லி ஒரு நூறு சொல் திரட்டி அனுப்புடி. க்ஷ, கௌ, ஹோ எல்லாம் வரட்டும். இந்த மாதக் கடைசிக்குள் கிடைத்தால் முதல் வெளியீட்டிலேயே சேர்த்துவிடுவேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
மல்லிகா