கடற்கரையில் ஒரு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை எபிகூரஸை ‘தின்று குடித்துக் கொண்டாடு’ என்று சொன்னவராகக் காட்டியிருந்தது. வருத்தமாக இருந்தது. கி.மு. 341இல் பிறந்த அந்தக் கிரேக்கத் தத்துவஞானி ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் பெண்களையும் அடிமைகளையும்கூடச் சேர்த்துக்கொண்டு பாடம் சொன்னவர். ரொட்டியும் தண்ணீருமே அவருக்குப் போதும். கொஞ்சம் பாலாடைக்கட்டி அனுப்பினால் விருந்தே சாப்பிடுவேன் என்று நண்பருக்கு எழுதியிருக்கிறார். உடம்பில் வலியும் மனதில் கலக்கமும் இல்லாத நிலையைத்தான் அவர் இன்பம் என்றார். இங்கே கடலூரிலிருந்து பாலத்தைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாது. பின்னால் வரும் துன்பத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் அவர்.

எனக்கு அவர் உதவியது வேறு விஷயத்தில். என் மாமியார் நான்கு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். சாயங்காலம் என் கணவர் வந்ததும் சில்வர் பீச்சுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். சுண்டல் வாங்கினால்கூட, அங்கே அத்தை படுத்திருக்க எனக்கு இது தேவையா என்று நெஞ்சு குத்தும். நான் போவதால் யாருக்கு என்ன துன்பம் என்று எபிகூரஸ் வழியில் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் இல்லை. போகாத நாளில்தான் அத்தையிடம் எரிந்து விழுகிறேன். இப்போது நிம்மதியாகப் போகிறேன்.

ஆனால் எல்லாக் குற்ற உணர்ச்சியையும் இப்படித் தள்ளிவிட முடியாது. ஒருமுறை மளிகைக் கடையில் மீதிச் சில்லறையோடு 400 ரூபாய் கூடுதலாக வந்துவிட்டது. தெரிந்தும் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அப்புறம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தப்பு செய்தவன் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று கடைசிவரை நம்பி இருக்க முடியாது, அந்தப் பயமே தண்டனை என்பார் எபிகூரஸ். இதில் மட்டும் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. கடைக்காரருக்குத் தெரியவே போவதில்லை என்பது எனக்கு நிச்சயம். அப்படியும் உறுத்தியது, ராத்திரி கல்லாவை எண்ணும்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்புதான்.

எபிகூரஸைப் பற்றி இன்னொரு கட்டுரை, சற்று விரிவாக, வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.