என்ஜின் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘என்ஜின் பழுதாகி நடுக்கடலில் தத்தளித்த மீனவர்கள்’ என்ற தலைப்பு நம் பேப்பர்களில் அடிக்கடி வருகிறது. படகு மோட்டார் வேலை பார்க்கிறவன் என்பதால் அப்படிக் கட்டி இழுத்து வரும் மோட்டார்கள் சில என்னிடமும் வரும். திறந்து பார்த்தால் பல நேரம் மோட்டாரில் ஒரு கோளாறும் இருக்காது. மண்ணெண்ணெய் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும்.

கரையில் கேட்டால் எல்லோரும் தூரத்தைத்தான் சொல்வார்கள். மோட்டாருக்குத் தூரம் தெரியாது, எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் கணக்கு. 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 லிட்டர் குடிக்கும். 15 கடல் மைல், அதாவது 28 கிலோமீட்டர் போக, மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் இரண்டரை மணி நேரம், பன்னிரண்டரை லிட்டர். சரி, திரும்பவும் அதே அளவுதானே என்று நினைப்பதில்தான் ஆள் மாட்டுகிறான். திரும்பும்போது நனைந்த வலை, மீன், ஐஸ் எல்லாம் ஏறியிருக்கும், கச்சான் என்கிற மேல்காற்று எதிரே அடிக்கும், நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், எதிராக இருந்தால் மூன்றரை மணி நேரம் ஆகும், பதினேழரை லிட்டர். ஆக 30. அதோடு இன்னும் ஒரு 15 கையில் இருக்க வேண்டும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் வைக்க ஒரு பங்கு என்று உலகம் முழுக்கச் சின்னப் படகுக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு இதுதான். வலை போடும் இடத்தில் அங்குமிங்கும் ஓட்டுவது இதில் சேராது.

பாரம் கூடும் என்பார்கள். 15 லிட்டர் மண்ணெண்ணெய் 12 கிலோ, அவ்வளவுதான். உண்மையான காரணம் காசு. மானிய மண்ணெண்ணெய் அளவு தீர்ந்துவிட்டால் வெளியே வாங்கும் விலைக்குக் கணக்குப் பார்த்துத்தான் ஊற்றுவார்கள், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

இன்னொன்று பேப்பரில் எழுதியே நான் பார்த்ததில்லை. மண்ணெண்ணெய் மோட்டாரைக் கிளப்புவது பெட்ரோலில்தான். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம், நிறுத்தும் முன் மறுபடி கொஞ்ச நேரம் பெட்ரோலில் ஓட விடுவோம், இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, ஆறிப்போன மோட்டார் எத்தனை தடவை கயிற்றை இழுத்தாலும் கிளம்பாது. கடலில் நிறுத்தி நிறுத்திக் கிளப்புகிறவருக்கு முதலில் தீர்வது அந்தச் சின்ன பெட்ரோல் பாட்டில்தான். டேங்கில் பாதி மண்ணெண்ணெய் இருக்கும், படகு மட்டும் மிதந்துகொண்டிருக்கும். உபரி என்றால் பெட்ரோலும் உபரியாக வேண்டும்.

அப்புறம் கேன். சமையல் எண்ணெய் வந்த பழைய கேனின் மூடி ஒழுங்காக இறுகாது, தெறிக்கிற கடல்தண்ணீர் உள்ளே போகும். ரப்பர் வாஷர் வைத்த மூடி உள்ள எரிபொருள் கேன் வாங்குங்கள். விளிம்பு வரை நிரப்பாதீர்கள், வெயிலில் எண்ணெய் விரியும். பெட்ரோல் கேனைப் படகில் வைத்தபடி ஊற்றாமல் தரையில் வைத்து நிரப்புங்கள், பீடி பக்கத்திலேயே வேண்டாம். டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு எரிபொருளோடு சேர்க்கிற டூ-டி ஆயிலைக் கரையிலேயே கலந்துவிடுங்கள். அலையில் புனலைப் பிடித்து ஒரு கேனைச் சாய்த்துப் பார்த்தவருக்குத் தெரியும், பாதி படகுக்குள்தான் கொட்டும். அதனால் ஊற்றவே வேண்டாம் என்கிறேன், இரண்டாவது டேங்க் ஒன்றை வைத்து, ரப்பர் பல்ப் உள்ள ட்யூபை இதிலிருந்து கழற்றி அதில் மாட்டினால் போதும், பல்பை நாலு தடவை அமுக்கினால் எண்ணெய் ஏறிவிடும்.

மன்னார் வளைகுடாவில் மோட்டார் நின்றால் காற்றும் நீவாடும் படகை எங்கே தள்ளும் என்று சொல்ல முடியாது. இந்தியாவும் இலங்கையும் 1976 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக் கோடு கடலில் கண்ணுக்குத் தெரியவும் செய்யாது. கோட்டைத் தாண்டிவிட்டால், எண்ணெய் தீர்ந்துதான் வந்தோம் என்பதை அங்கே யாரிடம் போய் நிரூபிப்பது?

மீன்துறைக்கு ஒரு கோரிக்கை. மானிய எண்ணெயோடு வருஷத்துக்கு ஒரு நல்ல கேனும் மானியத்தில் கொடுங்கள். உங்கள் நிருபர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால், டேங்கில் எவ்வளவு இருந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். செய்தியின் அடியில் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அவுட்போர்டு மெக்கானிக்,
திரேஸ்புரம், தூத்துக்குடி